ஆடம்பர வரி யார் வீட்டுக்கு?

அத்தியாயம் 19

வெண்டிக்காய்ப் பகிடிக்கு மண்டபமே சிரித்ததை ஒரு கிழமையாகியும் அம்பலவாணனால் சீரணிக்க முடியவில்லை.

அந்த விருந்துக்கு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ட்ரெதம் கூடைப்பந்துக் குழுவின் முதலாளி இராஜேந்திரன், தமிழ் வர்த்தகர் விருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ரை மச்சானும் வெம்பிளியிலை ஒரு ரீம் வச்சிருக்கிறார். பாவம், கூடைக்குள்ளை வெண்டிக்காய் போட்டுப் பழகின கை. பந்து எப்பிடிப் போகும்?" என்று கேட்டார். பிரியாணியை வாயில் வைத்திருந்தவர்கள்கூட அதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அம்பலவாணன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இராஜேந்திரன் வேறு யாருமல்ல. அம்பலவாணனின் மனைவி சிவனேஸ்வரியின் கூடப்பிறந்த தமையன். பதினான்கு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மகள் சயந்தினி பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, ஊர்பட்ட சனத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். தாய்மாமன் வந்து தேங்காய் உடைத்து அழைத்துப் போனால்தான் பெண் மேடை ஏறலாம். மாமன் போனில் "வந்துகொண்டிருக்கிறன்" என்றார். நல்ல நேரம் முடியும்வரை வந்துகொண்டேயிருந்தார். பட்டுச்சேலையும் நகையுமாகப் பின்கதவருகே நின்ற பிள்ளைக்கு யாரோ ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் தேங்காய் உடைக்க வேண்டியதாயிற்று. பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்த ஒருவனைத் தங்கை விரும்பிக் கட்டியதற்கு அண்ணன் தேடிப் பிடித்த தண்டனை அது.

அப்படிப்பட்ட மனிதரைத் தோற்கடிப்பதற்காகவே அம்பலவாணன் ஒரு கூடைப்பந்துக் குழுவை வாங்கியது சரியா, பிழையா என்று வாசகர் கடிதங்களில் நீங்கள் அடிபடுகிறீர்கள். நான் அம்பலவாணன் பக்கம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை காலை, ஈலிங் றோட்டில் இருக்கும் அம்பலவாணனின் மொத்த வியாபாரக் கடைக்குச் சயந்தினி வந்தாள். குழுவின் கணக்குவழக்கு முழுக்க அவள் கையில். கீழே மாம்பழப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மேல்மாடி ஒபிஸில் அப்பா போனைக் காதோடு வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"இன்னும் கூட்டுங்கோ. அவன் எவ்வளவு சொன்னாலும் அதுக்கு மேலை நாங்கள் தாறம் எண்டு சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"ஏஜென்டோ அப்பா?"

"ஓம் பிள்ளை. டேரலை விடேலாது. உந்த உயரத்திலை ஒருத்தன் எங்களிட்டை வந்தால், சனிக்கிழமை உன்ரை மாமன்ரை ரீம் மண் கவ்வும்."

டேரல் என்பது அமெரிக்காவிலிருந்து வந்து நிற்கும் ஆட்டக்காரன். வாசலில் குனிந்துதான் உள்ளே வருவான். சனிக்கிழமை வெம்பிளியும் ஸ்ட்ரெதமும் மோதுகின்றன. அவனுக்கு இரண்டு குழுவும் அடிபடுகின்றன. இன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் எந்தக் குழு அவனைப் பதிகிறதோ, அவன் அந்தக் குழுவுக்கு.

"டேரலை எடுத்தால் சம்பள வரம்பைத் தாண்டுவம் அப்பா."

"தெரியும். வரியைக் கட்டிவிட்டால் சரிதானே."

இந்த வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு குழுக்கள் ஆடும் சின்ன லீக் அது. பணக்கார முதலாளி நல்ல ஆட்டக்காரரையெல்லாம் அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக, ஒரு குழு கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். தாண்டலாம், தடையில்லை. ஆனால் தாண்டிய ஒவ்வொரு பவுணுக்கும் இரண்டு பவுண் தண்டம். அதற்கு ஆடம்பர வரி என்று பெயர். வெண்டிக்காய் விற்றவரிடம் ஆடம்பர வரி கேட்கிறார்கள் என்று அம்பலவாணனே சொல்லிச் சிரித்ததுண்டு.

"எங்களிட்டை அவ்வளவு காசு இல்லை அப்பா."

"அதுக்குத்தான் பாங்க் மனுசன் பின்னேரம் வாறான். கடையை ஈடு வைக்கப் போறன்."

சயந்தினி கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கடையின் குளிர் அறையில் அப்பாவின் விரல்கள் வெடித்து இரத்தம் வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாதான் வைக்கச் சொன்னவ," என்றார் அம்பலவாணன்.

மாமன்மேல் சயந்தினிக்கும் கோபம் இருந்தது. பின்கதவருகே நின்ற அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவள்தானே. ஆனால் கடையை ஈடு வைத்துத்தான் அந்தக் கோபத்தைத் தீர்க்க வேண்டும் என்றால் அவளுக்குப் பயமாக இருந்தது. கீழே இறங்கி, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு லீக் ஒபிஸுக்குப் போன் எடுத்தாள்.

அங்கே செயலாளராக இருக்கும் பெர்னடெற், சயந்தினியோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வால்தம்ஸ்டோக்காரி.

"பெர்னடெற், வரியைத் தவணை முறையிலை கட்டேலுமோ?"

"ஏலாதடி. சீசன் முடிய ஒரேயடியாக் கட்டவேணும். அப்பதான் பங்கு பிரிக்கலாம்."

"என்ன பங்கு?"

"வரிக் காசை லீக் வச்சிருக்கிறேல்லை. வரம்பைத் தாண்டாமல் இருக்கிற ரீம்களுக்குச் சரிசமனாப் பிரிச்சுக் குடுக்கிறது. சட்டத்திலை கிடக்கு. உங்கட முதலாளிமார் ஒருத்தரும் அதை வாசிக்கிறேல்லை."

"இந்த வருசம் ஆர் ஆர் தாண்டேல்லை?"

பெர்னடெற் சிரித்தாள். "மற்ற நாலு ரீமும் தாண்டிப்போட்டுது. மிச்சம் நிக்கிறது நீங்களும் ஸ்ட்ரெதமும்தான்."

சயந்தினி போனை இறக்கிவிட்டு அரிசி மூட்டைமேல் சாய்ந்தாள். இப்போது எல்லாம் வெளித்துவிட்டது. அப்பா டேரலை எடுத்தால் வெம்பிளியும் தாண்டிவிடும். வரம்புக்குள் மிஞ்சுவது ஸ்ட்ரெதம் மட்டும். நாலு குழுக்கள் கட்டுவதும், கடையை ஈடு வைத்து அப்பா கட்டப்போவதும், கடைசிச் சதம் வரைக்கும் இராஜேந்திர மாமாவின் பைக்குள் போய் விழும்.

பழி வாங்கப் போனவர் எதிராளிக்கே சம்பளம் கொடுத்துவிட்டு வரப் பார்த்தார். அவசரக்காரரிடம் அகப்பட்ட பழி என்றைக்கும் இப்படித்தான் போகும்.

பாங்க் மனுசனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு சயந்தினி வீட்டுக்குப் போனாள். சிவனேஸ்வரி குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் சொல்லச் சொல்ல, தண்ணீர்க் குழாயை மூடாமலே கேட்டாள்.

"அப்ப நாங்கள் எடுத்தால் முழுக்க அவருக்கு," என்றாள்.

"ஓம் அம்மா."

"நாங்களும் எடாமல், அவரும் எடாமல் விட்டால்?"

"மற்ற நாலு ரீமின்ரை காசும் ரெண்டாப் பிரியும். எங்களுக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி."

"அவர் எடுத்தால்?"

சயந்தினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார்.

"அவர் எடுத்தால், உந்தச் சம்பளத்துக்கு அவரும் வரம்பைத் தாண்டுவார். அவர் கட்டிற தண்டமும் சேர்த்து, முழுக்க எங்களுக்கு."

சிவனேஸ்வரி குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள்.

"எங்கட ஒஃபர் இப்பவும் இருக்கோ?"

"இருக்கு. மாமாவின்ரையை விடக் கொஞ்சம் கூட."

"அவர் அதுக்கு மேலை ஏறாமல் விட்டிட்டாலும் விட்டிடுவார். ஏறப் பண்ணவேணும்," என்றாள் சிவனேஸ்வரி. "நான் கதைக்கிறன் அவரோடை."

அம்பலவாணன் திடுக்கிட்டார். "நீயோ? என்னத்தைக் கதைக்கப் போறாய்?"

"கெஞ்சப் போறன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் தமையனை அவள் அளவுக்கு யாரும் படித்ததில்லை. பேச்சுவார்த்தை நிற்பதற்கு முன், கென்டனில் மூன்று அறை வீடு ஒன்றை அவள் பார்த்து ஆசைப்பட்டு, வாய் தவறி அண்ணனிடம் சொன்னாள். அந்த மாதமே அண்ணன் அதை வாங்கி வாடகைக்கு விட்டார். அவருக்கு அந்த வீடு தேவையில்லை, ஸ்ட்ரெதமிலிருந்து கென்டனுக்கு வந்து போகவே அரை நாள் போகும். தங்கை கேட்ட பொருள் என்றால் அவருக்குக் கை பரபரக்கும். அது மட்டும்தான் காரணம்.

சாப்பாட்டு மேசையில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். நம்பர் அவளுக்கு மனப்பாடம். பதினான்கு வருடத்தில் ஒருநாளும் அழுத்தாத நம்பர்.

"ஹலோ, ஆர்?"

"அண்ணை, நான் சிவனேசு."

அம்பலவாணன் மேசைக்குக் கிட்ட வந்து நின்றார்.

"சொல்லு," என்றார் இராஜேந்திரன்.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அந்த அமெரிக்கப் பொடியனை எங்களுக்கு விட்டுத் தாங்கோ. இவர் அவனை நம்பித்தான் இருக்கிறார். அவன் இல்லாட்டி இவருக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. நான் உங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. இதை மட்டும் தாங்கோ."

நன்றாகத்தான் நடித்தாள். சயந்தினிக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. இனி மாமா ஏளனமாகச் சிரிப்பார், ஏதாவது குத்தலாகச் சொல்லிப் போனை வைப்பார், உடனே ஏஜென்டைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள்.

இராஜேந்திரன் சிரிக்கவில்லை.

"உனக்கு இப்பவும் அதே குரல்," என்றார். "சிவனேசு, எனக்கும் வயசு போகுது. நெஞ்சிலை ஒரு ஸ்டென்ட் வச்சுக் கிடக்கு, உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கேக்கை உன்னைத்தான் நினைச்சனான். எத்தினை வருசம் நாங்கள் இப்பிடி இருக்கிறது?"

சிவனேஸ்வரி போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீ வாய் திறந்து கேட்டிட்டாய். பிறகென்ன? பொடியன் உனக்குத்தான். நான் விலகிறன். அழாதை."

அப்போதுதான் அவள் அழுகிறாள் என்பது மற்ற இருவருக்கும் தெரிந்தது. நடிப்பு எந்த இடத்தில் முடிந்து அழுகை எந்த இடத்தில் தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. "சரி அண்ணை, சரி அண்ணை," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"சயந்தினி, எங்கட ஒஃபரை வாபஸ் எடு," என்றாள்.

"உனக்கென்ன விசரோ?" அம்பலவாணன் கத்தினார். "உவன் ஸ்டென்ட் எண்டவுடனை உருகிப் போனியே! உவன் உன்னைப் பேய்க்காட்டுறான்."

"அவர் எனக்காக விட்டவர். நாங்கள் பொடியனை எடுத்தால் கடை போகும், காசெல்லாம் அவருக்குப் போகும். எடாமல் விட்டால் ரெண்டு வீட்டுக்கும் பாதி பாதி. ஒருக்காலாவது அண்ணனும் தங்கச்சியும் ஒண்டைப் பங்கு போட்டு எடுத்ததா இருக்கட்டும். எனக்குச் சண்டை காணும். களைச்சுப் போனன்."

"அண்டைக்கு மண்டபத்திலை நிண்டது உன்ரை பிள்ளை!"

"தெரியும். என்ரை பிள்ளை எண்டதாலைதான் இவ்வளவு நாளும் சுமந்தனான்."

அம்பலவாணன் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கோபம் வந்தால் அவருக்குக் குளிர் தெரியாது.

சயந்தினிக்கு மாமாவின் குரலில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை. "வந்துகொண்டிருக்கிறன்" என்று சொன்னதும் இதே குரல்தான், இதே குழைவுதான். ஆனால் மாமா சொன்னது மெய்யோ பொய்யோ, ஒஃபரை வாபஸ் எடுப்பதுதான் தங்களுக்கு நல்லது என்று கணக்கு அவளுக்குச் சொன்னது. அம்மாவுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. லாப்டொப்பைத் திறந்து ஏஜென்டுக்கு இரண்டு வரி எழுதி, லீக் ஒபிஸுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வந்த அந்தப் பின்னேரத்தைச் சயந்தினி வெகுநாளைக்கு மறக்கமாட்டாள். அம்மா கணவாய்க் கறியை அடுப்பில் வைத்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தாள். "அண்ணைக்குக் கணவாய் எண்டால் உயிர். ஸ்டென்ட் வச்ச ஆளுக்குக் குடுக்கலாமோ தெரியாது," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாத்திட்டு வருவமோ?" என்று கேட்டாள். வளர்ந்த பிறகு அம்மா யாருடைய தங்கையாகவும் இருந்து சயந்தினி பார்த்ததில்லை.

ஐந்து மணி அடித்துச் சற்று நேரத்தில் பெர்னடெற்றின் போன் வந்தது.

"சயந்தினி, பதிவு எல்லா ரீமுக்கும் அனுப்பிட்டன், நீ பாத்தியோ? டேரலை ஸ்ட்ரெதம் எடுத்திட்டுது."

"எப்ப?"

"இப்ப, கடைசி நேரத்திலை. உங்கட ஒஃபர் இல்லையெண்டு ஏஜென்ட் வாய் திறக்கேல்லைப் போல. உங்களுக்கு மேலை போறம் எண்டு நினைச்சு, சம்பளத்தை இன்னும் கூட்டி எழுதியிருக்கினம். உன்ரை மாமா தானே நேரை வந்து கையெழுத்து வச்சவர். நல்லாச் சிரிச்சுக்கொண்டு நிண்டார்."

ஸ்பீக்கர் போடவில்லை. ஆனாலும் பெர்னடெற்றின் குரல் பெரிது. அடுப்படியில் நின்ற சிவனேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது.

தோட்டத்திலிருந்து ஓடிவந்த அம்பலவாணன் செய்தியைக் கேட்டதும் மேசையில் அடித்தார். "தாண்டிட்டான்! தானாப் போய் விழுந்தான்! ஒருத்தரும் இல்லாத ஏலத்திலை தானே கூட்டிக் கேட்டு விழுந்தான்! நாலு ரீமின்ரை காசும், உவன்ரை தண்டமும் முழுக்க எங்களுக்கு!" என்று மகளைக் கட்டிப்பிடித்தார். கடை தப்பியது. அந்த நேரத்தில் சயந்தினியும் சிரித்தாள், அதை மறைக்கவில்லை.

சிரிக்காமல் நின்றது ஒருத்திதான்.

சிவனேஸ்வரி அடுப்பை நிறுத்தினாள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். நடித்துக் கெஞ்சியபோது அண்ணன் ஏமாற்றியிருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. அதற்காகத்தானே கெஞ்சினாள். அவள் வலையைத் தூக்கி எறிந்துவிட்டு, மனம் இரங்கி, அழுது, கறிகூட வைத்த பிறகு அவர் போய்க் கையெழுத்து வைத்திருக்கிறார். அதுதான் நெஞ்சை அறுத்தது.

"நான் மெய்யாத்தான் அழுதனான்," என்றாள். "அந்த மனுசனுக்கு முன்னாலை நான் மெய்யா அழுதுபோட்டன்."

"அம்மா, ஸ்டென்டும் பொய்யா இருக்கும்," என்றாள் சயந்தினி.

"மெய்யா இருந்தாலும் ஒண்டுதான்."

அப்போது போன் அடித்தது. மூன்று பேருக்கும் அந்த நம்பர் தெரிந்தது. அம்பலவாணன் எட்டிப் பறிக்கப் பார்த்தார். சிவனேஸ்வரி கையால் தடுத்துவிட்டு, தானே எடுத்தாள். மீண்டும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிவனேசு," என்றார் இராஜேந்திரன். குரலில் தேன் வழிந்தது. "குறை நினையாதை என்ன. நான் விடச் சொல்லித்தான் சொன்னனான். எங்கட பொடியள் கேக்கேல்லை, எடுத்துப்போட்டாங்கள். மச்சானுக்கு ஆறுதல் சொல்லு. மனுசன் விழுந்து கிடக்கிறாரோ?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. இராஜேந்திரனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தண்டம் லீக் ஒபிஸுக்குப் போகிறது, பெரிய மனிதன் என்ற பெயருக்குக் கட்டுகிற காசு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இன்று காலைவரை அம்பலவாணனும் அப்படித்தான் நினைத்தார்.

அம்பலவாணனின் வாய் துடித்தது. சொல்லிவிட வேண்டும், இந்த நிமிடமே அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும். சிவனேஸ்வரி விரலை உதட்டில் வைத்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அதுக்கென்ன அண்ணை," என்றாள். அவள் குரலும் இப்போது தேனாக இருந்தது. கூடப்பிறந்த இரண்டு பேருக்கும் ஒரே குரல்தான் என்பது சயந்தினிக்கு அப்போதுதான் உறைத்தது. "நல்ல பொடியன். வடிவாப் பாருங்கோ. இவர் கவலைதான். என்ன செய்யிறது, நீங்கள் வெண்டுட்டியள்."

"சனிக்கிழமை மச் பாக்க வருவினமோ உங்கட ஆக்கள்?"

"வருவினம் அண்ணை. உங்கட உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ."

போனை வைத்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒருதரம் அழுத்தித் துடைத்தாள். அழுகை அதோடு முடிந்தது.

"ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது," என்றாள். "பெர்னடெற்றிட்டையும் சொல்லு. சனிக்கிழமை வரைக்கும் அவருக்குத் தெரியக்கூடாது."

"ஏன் அம்மா?"

"நான் நேரை சொல்லவேணும். அவர்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லவேணும்."

கணவர் குழு வாங்கிய நாளிலிருந்து சிவனேஸ்வரி ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. பந்து எந்தப் பக்கம் போனால் புள்ளி என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"எனக்கு ஒரு சீற் எடு பிள்ளை," என்றாள். "எங்கட பக்கத்திலை வேண்டாம். அண்ணைக்குப் பக்கத்துச் சீற்."